ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு வாழ்த்து அட்டை: மயாமி நாட்குறிப்பு

26 ஆகஸ்ட் 2019, திங்கள்

"மயாமிக்குப் போயிருக்கீரே, ஒரு பீச் போட்டோகூட வரலியே வே?" என்று பாளையங்கோட்டையில் இருந்து பழைய சகா ஒருவர் கேட்டிருக்கிறார். பீச் இருக்கிறது, எங்கும் ஓடிவிடவில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதம் பதினொரு மணிக்கு அந்த மணலில் அப்பளம் பொரிக்கலாம். மூன்று மணிக்கு மேல் தினமும் இடியும் மழையும். அரை மணியில் வெறித்து, தரையெல்லாம் ஆவி பறக்கும். அதனால் மகள் வீட்டில் ஏசியில் உட்கார்ந்து பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்?

பக்கத்து வீட்டில் அறுபத்தெட்டு வயதில் ஒரு கியூபா அம்மா இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி அவரை 'அபுவெலா' என்று கூப்பிடுகிறாள். ஸ்பானிய மொழியில் பாட்டி என்று அர்த்தமாம். எனக்கும் அதுவே வசதியாக இருக்கிறது. இன்று காலை ஒரு தட்டில் பஃப்ஸ் கொண்டுவந்தார். நம்ம பேக்கரி பஃப்ஸேதான், உள்ளே உருளைக்கிழங்குக்குப் பதில் கொய்யாப்பழ ஜாம். தட்டை வைத்துவிட்டு, "ப்ரோஃபெஸோர், நீங்க ரிடையர் ஆனபோது உங்களுக்கு என்ன எழுதிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

எனக்கு என்ன கொடுத்தார்கள்? பதினேழு சால்வை, ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு, சட்டம் போட்ட ஒரு வாழ்த்து மடல். மடலில் 'கணிதக் கடலே, கல்விக் குன்றே' என்று ஆரம்பித்து நாற்பது வரி. கடைசி வரி வரைக்கும் நான் என்ன செய்தேன் என்று ஒன்றும் இருக்காது. இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "நான் ஒருத்தருக்கு எழுதணும். என்ன எழுதுறதுன்னு தெரியலை" என்றார்.

அந்த ஒருத்தர் மயாமி டேட் கல்லூரியின் தலைவர் எதுவார்தோ பத்ரோன். இருபத்துநாலு வருஷம் அந்தப் பதவியில் இருந்துவிட்டு இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார். "அவரைத் தெரியுமா?" என்றேன். "தெரியாது. என் பொண்ணு பட்டம் வாங்கினப்ப தூரத்தில மேடையில பார்த்தேன். அவ்வளவுதான்."

தெரியாதவருக்கு எதற்கு அட்டை என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஆனால் ஊர் சுற்ற ஒரு சாக்குக் கிடைத்தது. அட்டையை அவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். கூடவே நானும் போகிறேன்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். கியூபாக்காரர்கள் பகுதியான லிட்டில் ஹவானா, எட்டாம் தெரு. எல்லாரும் 'காயே ஓச்சோ' என்கிறார்கள், அதுவும் எட்டாம் தெருதான்.

காபியில் இருந்து தொடங்குகிறேன். கடைக்குள் போக வேண்டாம், சுவரில் ஒரு ஜன்னல் இருக்கும். அதன் முன்னால் நின்று 'கொலாதா' என்று கேட்டால், ஒரு தெர்மோகோல் டம்ளரில் கன்னங்கரேலென்று டிக்காஷன், மேலே சர்க்கரை நுரை, கூடவே மருந்து பாட்டில் மூடி அளவில் நாலைந்து குட்டிக் கப். ஒருத்தர் வாங்கி, நிற்கிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். தனியாகக் குடித்தால் ராத்திரி தூக்கம் போய்விடும் என்பது ஒன்று, தனியாகக் குடிப்பவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்பது இன்னொன்று. அபுவெலா வாங்கி, எனக்கும், பக்கத்தில் நின்ற பெயின்ட்காரருக்கும், நாய் பிடித்திருந்த ஒரு பையனுக்கும் ஊற்றினார். யாரும் யாருக்கும் தெரிந்தவர்கள் இல்லை.

கொஞ்சம் தள்ளி டாமினோ பார்க். தாத்தாக்கள் கட்டைகளைக் கலைக்கிற சத்தம் சோழி குலுக்குவது போலவே இருக்கிறது. அதை ஒட்டி டவர் தியேட்டர், 1926இல் திறந்தது. அறுபதுகளில் கியூபாக்காரர்கள் வந்து குவிந்தபோது இங்கே ஆங்கிலப் படங்களை ஸ்பானிய எழுத்தோடு ஓட்டியிருக்கிறார்கள். படம் பார்த்தே பலர் ஆங்கிலம் பழகியிருக்கிறார்கள். 2002இல் இருந்து இதை நடத்துவது மயாமி டேட் கல்லூரி. (இதைத் தொகுக்கும்போது சேர்த்தது: 2023இல் இருந்து கல்லூரி இதை நடத்துவதில்லை.) ஒரு கல்லூரி எதற்கு சினிமா தியேட்டர் நடத்துகிறது என்று கேட்டேன். "ஏன், நடத்தக் கூடாதா?" என்று திருப்பிக் கேட்டார்.

மயாமி டேட் 'கம்யூனிட்டி காலேஜ்' வகையைச் சேர்ந்தது. நம்மவர்களுக்காக இங்கே ஒரு விளக்கம். அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்', அதாவது சமுதாயக் கல்லூரி என்பது நம் ஊர் பாலிடெக்னிக்கும் இல்லை, கலைக் கல்லூரியும் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்த யாரும் சேரலாம். கட் ஆஃப் கிடையாது. முழுநேரம் படித்தால் இரண்டு வருஷத்தில் ஒரு பட்டம். அதைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் நுழையலாம். புளோரிடாவில் இப்படி வருகிறவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இடம் உறுதி. அல்லது நர்ஸ், சமையல், விமானம் பழுது பார்ப்பது என்று நேரே வேலைக்குப் போகலாம். இந்த வகையில் முதல் அரசுக் கல்லூரி 1901இல் இல்லினாயில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியது. இந்தியாவில் இந்த எண்ணம் முதலில் முளைத்தது நம் பக்கம்தான், புதுச்சேரியில், 1995இல். பத்ரோன் தலைவரானதும் அதே 1995.

மயாமி டேட் பிறந்தது 1960இல். அப்போது பெயர் டேட் கவுன்டி ஜூனியர் காலேஜ். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'கோழிக்கூண்டுக் கல்லூரி'. முதல் வருஷம் 1,428 பேர். அதில் ஏழு பேர் கறுப்பின மாணவர்கள். வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியாக உட்காரவைத்த புளோரிடாவில், சேர்த்து உட்காரவைத்த முதல் ஜூனியர் காலேஜ் இதுதான். ஏழே பேர். ஆனாலும் 1960இல் அந்த ஏழு நாற்காலி லேசில் கிடைத்திருக்காது. அந்தக் கூட்டத்தில் கியூபாவில் இருந்து ஓடிவந்த அகதிகளும் இருந்தார்கள்.

சில வருஷம் கழித்து அப்படி வந்து சேர்ந்த ஒரு பையன்தான் பத்ரோன். சாந்தியாகோ தே கூபாவில் பிறந்தவர். காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த பிறகு, பெற்றோர் பலர் பிள்ளைகளை மட்டும் தனியாக விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். 1960 டிசம்பரில் இருந்து 1962 அக்டோபர் வரை பதினாலாயிரம் பிள்ளைகளுக்கு மேல் அப்படி வந்தார்கள். 'பெட்ரோ பான்' என்று அதற்குப் பெயர். 1961இல் பதினைந்து வயசுப் பத்ரோன் தம்பியோடு வந்து இறங்கினார். எப்படியாவது காலேஜில் படித்துவிட வேண்டும் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார் என்பதை மேடைக்கு மேடை சொல்வாராம். விண்ணப்பம் போட்ட மற்ற கல்லூரிகள் கையை விரித்தன, இந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது என்பதையும்.

திரும்பும் வழியில் 27ஆம் அவென்யூவில் கல்லூரியின் இன்டர்-அமெரிக்கன் வளாகம். காம்பவுண்டு, வளைவு, ஆர்ச் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் கல்லூரிக்குள் நிற்கிறோம். (இதைத் தொகுக்கும்போது சேர்த்தது: இந்த வளாகத்துக்கு இப்போது பத்ரோன் பெயர்தான்.)

28 ஆகஸ்ட், புதன்

டிவியில் 'டோரியன்' என்று ஒரு புயல். வர்ஜின் தீவுகள் பக்கம் இன்று சூறாவளியாக வலுத்துவிட்டது. புளோரிடா கவர்னர் அவசர நிலை அறிவித்திருக்கிறார். "அது எங்கேயோ இருக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள் மகள். மாப்பிள்ளை மட்டும், "மாமா, போன்ல சார்ஜ் வெச்சுக்குங்க" என்றார்.

மெட்ரோ ரயிலில் 2.25 டாலர் டிக்கெட்டில் கவர்ன்மென்ட் சென்டர். அங்கிருந்து மெட்ரோமூவர் என்று ஒரு குட்டி ரயில், டிரைவர் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஓசி என்றதும் எனக்கு அந்த ரயில் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. ஃப்ரீடம் டவர் ஸ்டேஷனில் இறங்கினோம்.

சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வானத்தை முட்ட, நடுவில் மஞ்சள் சந்தனம் பூசிய கோபுரம் ஒன்று. ஸ்பெயினில் செவில் நகரத்து ஹிரால்டா மணிக்கோபுரத்தைப் பார்த்து 1925இல் கட்டியது. முதலில் பத்திரிகை அலுவலகம். ஐம்பதுகளில் பத்திரிகை வேறு இடத்துக்குப் போனது. 1962இல் இருந்து 1974 வரை அமெரிக்க அரசு இங்கே கியூபா அகதிகளைப் பதிவு செய்தது. 'ஃப்ரீடம் டவர்', சுதந்திரக் கோபுரம் என்ற பெரிய பெயரெல்லாம் அப்புறம் வந்தது. வந்தவர்கள் வாயில் அது 'எல் ரெஃபூஹியோ', புகலிடம். பிறகு பல காலம் பூட்டிக் கிடந்து, கைமாறி, 2005இல் ஒரு கட்டுமானத் தொழில் குடும்பம் இதைக் கல்லூரிக்கே தானமாகக் கொடுத்துவிட்டது. 2008இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இப்போது உள்ளே கல்லூரியின் அருங்காட்சியகம். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள்.

ஒரு மணி ஆவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படியில் ஒதுங்கி நின்றபோது அபுவெலா பேச ஆரம்பித்தார். அவர் வந்தது 1967இல், பதினாறு வயசில், அம்மாவோடு. 1965இல் இருந்து 1973 வரை கியூபாவின் வரதேரோவில் இருந்து மயாமிக்கு அகதிகளை ஏற்றிவந்த 'சுதந்திர விமானங்கள்' ஒன்றில். கழுத்துச் சங்கிலியைக்கூட அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். இந்தக் கோபுரத்தில் ஒரு வரிசையில் டாக்டர், ஒரு வரிசையில் பல் டாக்டர், ஒரு வரிசையில் பேப்பர். கடைசி வரிசையில் ஒரு பை: முட்டைப் பொடி, பால் பொடி, டப்பாக் கறி, வேர்க்கடலை வெண்ணெய், அப்புறம் செங்கல் மாதிரி ஒரு சீஸ் கட்டி.

"அந்த வேர்க்கடலை வெண்ணெயை என்ன செய்யறதுன்னு யாருக்கும் தெரியலை. எங்கம்மா காலுக்குத் தடவற மருந்துன்னு நினைச்சா" என்று சிரித்தார். சீஸ் மட்டும் ரொம்ப நன்றாக இருந்ததாம். அதே ருசியில் இன்று வரை கிடைக்கவில்லையாம். எங்கள் ஊர்ப் பள்ளி மதிய உணவில் போட்ட சோள உப்புமாவைப் பற்றி நான் சொன்னேன். அமெரிக்காக்காரன் அனுப்பிய மாவு. அதன் ருசியும் அப்படித்தான், திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கடையின் பழைய வாடிக்கையாளர்கள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தோம்.

உள்ளே நுழைந்ததும் அவர் சுவரில் இருந்த படங்களைப் பார்க்கவில்லை. நேரே ஒரு மூலைக்குப் போய்த் தரையைப் பார்த்தார். "இங்கேதான் பெஞ்ச் இருந்தது" என்றார். அவ்வளவுதான். நான் படங்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

அபுவெலாவுக்கு மயாமியை ஒட்டிய ஹையலீயாவில் துணி தைக்கிற ஆலையில் எட்டு வருஷம் வேலை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இருபத்தெட்டு வயசில் மயாமி டேடில் நர்ஸிங் சேர்ந்தார். பகலில் தையல், சாயங்காலம் வகுப்பு. எப்படிச் சமாளித்தீர்கள் என்றால், "மோசமாகத்தான்" என்கிறார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அட்டை வாங்கக் கடைக்குப் போனோம். ஓய்வு பெறுகிறவர்களுக்கு என்று ஒரு வரிசையே இருக்கிறது. மீன் பிடிக்கிற தாத்தா, கோல்ஃப் ஆடுகிற தாத்தா, ஊஞ்சல் கட்டிலில் தூங்குகிற தாத்தா. பாட்டி படம் ஒன்றுகூட இல்லை என்று அபுவெலா கடைக்காரப் பெண்ணிடம் சண்டைக்குப் போனார். கடைசியில் ஒன்றுமே எழுதாத, நீல நிற அட்டை இரண்டு வாங்கினார். ஒன்று அடித்துத் திருத்துவதற்கு.

29 ஆகஸ்ட், வியாழன்

இன்று அட்டையைக் கொடுத்தாகிவிட்டது.

வுல்ஃப்சன் வளாகம் ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. 1970இல் வாடகைக் கடைகளில் வகுப்பு நடத்தித் தொடங்கிய வளாகம். அதே 1970இல்தான் பத்ரோனும் வாத்தியாராக வந்தார். புளோரிடா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுப் பெரிய கம்பெனி வேலைக்குப் போவதாக இருந்தவரைப் பழைய ஆசிரியர்கள், "ஒரே ஒரு வருஷம் வந்து பாடம் எடு" என்று இழுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வருஷம் இந்த மாதம்தான் முடிகிறது. 1980இல் இந்த வளாகத்தின் தலைவர். 1984இல் இங்கே தெருவிலேயே தொடங்கிய புத்தகத் திருவிழாவுக்குக் கை கொடுத்தவர்களுள் ஒருவர். நவம்பரில் நடக்கும், அமெரிக்காவின் பெரிய புத்தகத் திருவிழாக்களில் அதுவும் ஒன்று. 1995இல் கல்லூரி முழுவதற்கும் தலைவர். 2003இல் நான்கு வருடப் பட்டங்களும் தொடங்கியபோது 'கம்யூனிட்டி' என்ற சொல் கல்லூரியின் பெயரில் இருந்து போயிற்று. அது போயிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். இப்போது எட்டு வளாகங்கள். கல்லூரி சொல்லும் கணக்கில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஏதாவது ஒன்று படிக்கிறார்கள்.

2016 நவம்பரில் ஒபாமா அவருக்கு அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை அணிவித்தார். அன்று வாங்கிய இருபத்தொரு பேரில் மைக்கேல் ஜோர்டன், டாம் ஹாங்க்ஸ், பில் கேட்ஸ் எல்லாம் உண்டு. கம்யூனிட்டி காலேஜ் தலைவர் ஒருவர் அந்த வரிசையில் நின்றதை அபுவெலா டிவியில் பார்த்து, சோபாவில் இருந்து எழுந்து நின்றாராம். இந்த ஏப்ரலில் சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசும் இன்னொரு புளோரிடா கல்லூரியோடு சேர்ந்து கிடைத்திருக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்கு 2007இல் புஷ் வந்தார், 2011இல் ஒபாமா வந்தார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவரும் ஒரே கல்லூரிக்கு வருவது நம் ஊரில் நடக்காது என்று எழுத நினைத்தேன், இங்கேயும் அடிக்கடி நடக்கிறதில்லை.

வளாகத்தில் நான் பார்த்தது வேறு. லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள்: கிரீஸ் கறையோடு மெக்கானிக் சட்டை போட்ட ஒருவர், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண், காதில் ஒயர் மாட்டிய பதினெட்டு வயசுப் பையன், என் வயசில் ஒரு ஹெய்ட்டிக்காரர். நாலு பேரும் மாணவர்கள். நான் மட்டும்தான் இல்லை. ஒருவர் கையில் அல்ஜீப்ரா புத்தகம், நூலகத்துப் பழைய பிரதி, முதுகில் டேப் ஒட்டியது. கை தன்னால் நீண்டது, வாங்கிப் பார்த்தேன். இருபடிச் சமன்பாடு. ஓரத்தில் பென்சிலில் மூன்று விதமான கையெழுத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே இடத்தில்தான் தப்பு, கழித்தல் குறி.

கட்டணம் கேட்டேன், பழக்கதோஷம். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கிரெடிட்டுக்கு 120 டாலருக்குள். இரண்டு வருடப் பட்டத்துக்கு 60 கிரெடிட். இங்கே அது மலிவு, நமக்கு மயக்கம் வரும்.

பாராட்டோடு பாராட்டாக எனக்கு உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்துவிடுவது பாதி வேலைதான். இப்படிப்பட்ட கல்லூரிகளில் சேர்கிறவர்கள் எல்லாரும் முடிப்பதில்லை. பெரும்பாலும் கணக்கில்தான் இடறுகிறார்கள். அப்படித் திணறுகிறவர்களுக்கு முன்பு அடிப்படை வகுப்புகள் கட்டாயம். 2013இல் புளோரிடா கொண்டுவந்த சட்டம் அதைப் பெரும்பாலானவர்களுக்கு விருப்பப் பாடமாக ஆக்கிவிட்டது. அப்புறம், அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் பாதிக்கு மேல் பகுதிநேரக்காரர்கள், வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. நம் அரசுக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். தலைவருக்குப் பதக்கம் கிடைக்கும். ஆறரை மணி வகுப்பை முடித்துவிட்டு இன்னொரு கல்லூரிக்கு காரை ஓட்டுகிறவருக்கு யார் அட்டை கொடுக்கிறார்கள்?

அபுவெலாவிடம் சொன்னேன். "எனக்கு அனாட்டமி எடுத்தவர் அப்படித்தான். பேர்கூட மறந்துபோச்சு. அதுக்குத்தான் தலைவர் பேரில எழுதறேன், எல்லாருக்கும் சேர்த்து" என்றார்.

அட்டையில் இறுதியாக அவர் எழுதியது ஸ்பானியத்தில் இரண்டே வரி: நன்றி, கீழே அவருடைய பழைய மாணவர் எண். எண்ணைச் சரிபார்க்கப் பழைய அடையாள அட்டையைக் கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் மஞ்சளாகி, புகைப்படத்தில் முகம் பாதி போய், முடி மட்டும் நன்றாகத் தெரிகிறது. கவுன்டரில் இருந்த பெண் உறையை வாங்கி, மேசையில் இருந்த மற்ற உறைகளோடு வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்த அபுவெலா, "அவ்வளவுதானா?" என்றார், என்னைப் பார்த்து.

அடுத்த தலைவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. ஜூலையில் கடைசிக் கட்டத்துக்கு வந்த தேர்வை அறங்காவலர் குழு நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்கப் போகிறது. ஊரில் அதுதான் பேச்சு. (தொகுக்கும்போது சேர்த்தது: 2021 ஜனவரியில் மேடலின் புமாரியேகா பொறுப்பேற்றார். முதல் பெண் தலைவர், இந்தக் கல்லூரியின் பழைய மாணவி.)

30 ஆகஸ்ட், வெள்ளி

இன்று எங்கும் போகவில்லை. டோரியன் நேரே புளோரிடாவுக்கு என்கிறார்கள். நாலாம் வகைச் சூறாவளி. பெட்ரோல் பங்கில் மாப்பிள்ளை ஒன்றேகால் மணி நேரம் நின்றார். கடையில் தண்ணீர் பாட்டில் தீர்ந்துவிட்டது. அபுவெலா 1992இல் ஆண்ட்ரூ புயலில் குளியல் தொட்டிக்குள் மெத்தையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர். அதனால் தெருவுக்கே அவர்தான் கலெக்டர். ஜன்னல்களுக்கு அலுமினியத் தகடு மாட்டினோம். ஒவ்வொரு தகட்டுக்கும் எட்டு காதுவைத்த நட்டு. அவற்றை ஒரு காபி டப்பாவில் வைத்திருக்கிறார். எண்ணிக் கொடுக்கிறார், எண்ணி வாங்குகிறார்.

கட்டுப்படியாகாத வேலை. முதுகு பிடித்துவிட்டது.

1 செப்டம்பர், ஞாயிறு

புயல் நேற்றே வடக்கே திரும்பும் என்று சொல்லிவிட்டார்கள். இன்று பஹாமாஸில் அபாக்கோ தீவுகளைத் தாக்கியது. ஐந்தாம் வகை, மணிக்கு 295 கிலோமீட்டர் காற்று. இங்கிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை. இங்கே வெயில் அடிக்கிறது. டிவியை யாரும் அணைக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. தகடுகளைக் கழற்ற வேண்டாம், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றார் அபுவெலா. வீட்டுக்குள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அவர் வீட்டுச் சமையலறையில் காபிக்குக் காத்திருந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒரு நீல அட்டை. புயலுக்கான பட்டியல்: தண்ணீர், பேட்டரி, டப்பா திறப்பான், நாய்ச் சோறு, நட்டு 64. அடித்துத் திருத்திய அந்த இரண்டாவது அட்டையின் பின்பக்கம் அது. திருப்பிப் பார்த்தேன். ஸ்பானியத்தில் ஆறேழு வரி, குறுக்கே பேனாவால் அடித்திருந்தது.

"என்ன எழுதியிருந்தீங்க?"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அல்ஜீப்ராவில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை பணம் கட்ட வரிசையில் நின்றபோது யாராவது 'உனக்கு எதுக்கும்மா இது?' என்று கேட்பார்கள் என்று பயந்தாராம். கேட்டால் திரும்பிப் போய்விடுவது என்று தையல் ஆலைக்குப் போகும் பஸ் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தார். கவுன்டரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெயர், எண், வகுப்பு நேரம், அடுத்தவர். "அதை எழுதினேன். அப்புறம் வெட்கமா இருந்தது. அவர் பெரிய மனுஷன், அவருக்கு எதுக்கு என் ஃபெயில் மார்க்."

எங்கள் கல்லூரியில் அரியர் கட்ட வந்து நின்றவர்கள் எத்தனை பேர். அவர்களில் ஒருத்தன், ஐந்தாவது தடவையாக, தேர்வுக் கட்டணப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தான். துறைத்தலைவர் நாற்காலியில் நான். "உனக்குக் கணக்கு வராதுடே, அப்பாவோட கடையைப் பாரு" என்றேன். நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று நம்பித்தான் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். நாலாய் மடித்தான்.

"இதைத்தான் அனுப்பியிருக்கணும்" என்றேன்.

"அடிச்சுட்டேனே."

"அடிச்சாலும் படிக்க முடியுதுல்ல?"

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பி, நாய்ச் சோறு வரைக்கும் ஒரு தடவை வாசித்தார். பேனா எடுத்து, அடித்த கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்தார். அச்சகத்தில் 'அடித்தது இருக்கட்டும்' என்பதற்கு நாமும் அப்படித்தான் புள்ளி வைப்போம்.

"நாளைக்கு லீவு. செவ்வாய்க்கிழமைதான் தபால் எடுப்பாங்க. அதுக்குள்ள அவர் ஆபீசைக் காலி பண்ணிப் போயிருப்பாரே?"

"யாராவது பிரிப்பாங்க" என்றேன்.

உறை தேடினார், கிடைக்கவில்லை. நர்ஸ் யூனியன் பெயர் அச்சடித்த பழைய உறை ஒன்று அகப்பட்டது. பட்டியலை இன்னொரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம், மனப்பாடம் என்றார். நட்டு 64 மட்டும் சரியா என்று காபி டப்பாவைத் தரையில் கொட்டி, இருவரும் எண்ண ஆரம்பித்தோம். 63தான் இருந்தது.